12 மணி நேரப் பணியும் ஏமன் பச்சோந்தியும்: விளக்கு, இரை, தண்ணீர்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருந்துகொண்டு, காலை 7 முதல் மாலை 7 வரை செவிலியராக வேலை பார்க்கும் ஒருவரால் பச்சோந்தியை ஒழுங்காக வளர்க்க முடியுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஏமன் பச்சோந்தி ஒன்றைச் சில ஆண்டுகளாக வளர்த்துவரும் அனுபவத்தில், முடியும் என்றே சொல்வேன். ஆனால் அதன் பகலை நம் பணி நேரத்துக்கு ஏற்ப வளைக்கக்கூடாது. விளக்கையும் தண்ணீரையும் கருவிகளிடம் ஒப்படைத்துவிட்டு, இரை கொடுப்பதையும் கூர்ந்து கவனிப்பதையும் மட்டும் நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டில் விளக்குகள் காலை 5.30க்கு எரிந்து மாலை 5.30க்கு அணைகின்றன. டர்பனில் டிசம்பரில் 5 மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும், ஜூனிலோ 6.50 வரை இருட்டாக இருக்கும். ஆகவே குளிர்காலத்தில் விளக்குதான் அதற்கு விடியல். வேலைக்குப் போகுமுன் அது விழித்து, சிறிது சூடேறி, இரையைப் பார்க்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரவு நான் திரும்பும்போது அது வெளிறிய நிறத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்ச வேண்டும் என்பதற்காக விளக்கு நேரத்தை நீட்டுவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் கையில் எடுப்பதால் பச்சோந்திக்கு மகிழ்ச்சியில்லை, அயர்ச்சிதான்.

விளக்குகளைக் குறித்த நேரத்தில் எரித்து அணைக்கும் டைமர் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் எனும் அட்டவணைப்படியான மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, ஒரு தடவைக்கு 2 மணி நேரம் என்று ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போனது. வட்டத் தகட்டில் ஊசிகளை அழுத்திவைக்கும் சாதாரண டைமர் மின்சாரத்தோடு சேர்ந்து நின்றுவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் கடிகாரம் 2 மணி நேரம் பின்தங்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு நாளில் பச்சோந்தியின் விடியல் நண்பகலுக்குத் தள்ளிப்போய்விடும். உள்ளே சிறிய பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருக்கும். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் இந்த அமைப்பில் நான் வாங்கியவற்றுள் மிகப் பயனுள்ள பொருள் அதுவே. 2 மணி நேர இருட்டால் நலமான ஒரு பச்சோந்திக்குத் தீங்கில்லை. விளக்குகளுக்காக இன்வெர்ட்டர் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் காலையில் மின்வெட்டு என்று அட்டவணை சொன்ன நாட்களில் இரை கொடுக்கவில்லை, ஏனெனில் சூடு கிடைக்காவிட்டால் தின்றது செரிக்காது.

சூட்டு பல்பின் கீழே உள்ள கிளையில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிருக்கு ஈடாக டி5 எனும் நீளமான, மெல்லிய டியூப் விளக்கைப் பயன்படுத்துகிறேன். அது பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புற ஊதாக் கதிர் குறைந்துகொண்டே வரும் என்பதால், வெளிச்சத்தை வைத்து அதன் ஆயுளைக் கணிக்க முடியாது. ஆண்டுதோறும் புரட்டாசி விரதத்துக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும் வாரத்தில் புது டியூப் மாட்டிவிடுகிறேன்; மறக்க வழியில்லை. கூண்டை ஜன்னல் கண்ணாடியருகே வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விடுமுறை நாளில் நிழலும் கிடைக்கும்படி கம்பி வலைக் கூண்டோடு வராந்தாவில் சிறிது நேரம் வைப்பதற்கு எந்த டியூபும் ஈடாகாது.

வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரை போதும். இது பணி அட்டவணைக்கு மிக வசதி. முந்தைய இரவே இரையாகப் போகும் சுவர்க்கோழிப் பூச்சிகளுக்குக் கேரட் துருவலும் கீரையும் போட்டுவைப்பேன், ஏனெனில் அவை தின்றதுதான் பச்சோந்திக்கும் போய்ச் சேரும். காலையில் ஒரு டப்பாவில் கால்சியம் பொடியோடு இரண்டு குலுக்குக் குலுக்கி, கிளையில் கட்டிய ஆழமான கிண்ணத்தில் விடுவேன். வைட்டமின் டி3 கலந்த பொடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். கிண்ணம் வழவழப்பாக இருந்தால் பூச்சிகள் ஏறித் தப்பாது. கூண்டுக்குள் சிதறும் சுவர்க்கோழிகள் இரவில் தூங்கும் பச்சோந்தியையே கடிக்கக்கூடும். அடுத்த சில நிமிடங்கள் முழுவதும் கவனிப்புக்கு உரியவை. இரு கண்களும் தனித்தனியாகச் சுழன்று, பிறகு ஒருசேரக் கிண்ணத்தின் மேல் நிலைக்கும். தாடை மெல்லத் திறந்து நாக்கின் நுனி எட்டிப்பார்க்கும். பிறகு ஒரு வீச்சு. நாக்கு குறி தவறுகிறதா, கிளையைப் பற்றும் பிடி தளர்கிறதா, பகலில் கண் மூடுகிறதா என்பவற்றை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லாது. வசந்த காலத்தில் இங்குள்ள பிள்ளைகள் செருப்புப் பெட்டிகளில் மல்பெரி இலை போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பார்கள். அப்போது என் மகளின் பெட்டியிலிருந்தும் சில புழுக்கள் இதற்குக் கிடைக்கும்.

ஆளில்லாத நாட்களில் யாரை நம்புவது என்பது இங்கே எளிதான கேள்வியல்ல. சாவில்லை என்ற செய்தியை மனிதரிடம் கொண்டுபோன பச்சோந்தி வழியில் தாமதித்ததால், பின்னால் வந்த பல்லி சாவுச் செய்தியோடு முந்திவிட்டது என்று ஜூலு மக்களிடையே ஒரு பழங்கதை உண்டு. அதனால் அந்தப் பிராணியின் அருகிலேயே வர விரும்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை. ஓரிரு நாள் இரையில்லாமல் வளர்ந்த பச்சோந்தி தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது. கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் அது கண்டுகொள்வதில்லை, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். ஆகவே விளக்கு எரியுமுன்னும் மாலையிலும் இயங்கும் தெளிப்புப் பம்பை அதே வகை டைமரில் இணைத்திருக்கிறேன். டர்பன் குழாய்த் தண்ணீரின் உப்பு குழல்முனைகளை மெல்ல அடைப்பதால், மாதம் ஒருமுறை அவற்றை வினிகரில் ஊறவைக்க வேண்டியிருக்கிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக மாறினால் தண்ணீர் போதவில்லை என்று அறிந்துகொள்வேன்.

இரவுப் பணி வாரங்களிலும் விளக்கு நேரம் மாறுவதில்லை. காலை 8 மணிக்கு வீடு வந்ததும் முதலில் அதற்கு இரை, பிறகே எனக்கு உறக்கம். அந்நாட்களில் மாலைக்குப் பின் வீட்டார் பழக்கத்தில் அந்த அறை விளக்கைப் போட்டு அதை எழுப்பிவிடாதிருக்க, சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருக்கிறேன்.