பி.டி.40 ஸ்பிண்டில்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் கம்பெனியில் பல வருடங்களாக நான் ஓட்டுவது பி.டி.40 ஸ்பிண்டில் உள்ள வெர்டிக்கல் மில்லிங் மெஷின், அதாவது சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மெஷின். கட்டரைச் சுழற்றும் தண்டுதான் ஸ்பிண்டில்; பி.டி.40 என்பது அதன் வாயில் பொருந்தும் ஹோல்டரின் வகை. அலுமினியமும் வரும், 316 ஸ்டெயின்லெஸ்ஸும் வரும். இத்தனை நாள் ஓட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, கட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஸ்பிண்டில் அதை இழுத்துப் பிடிக்கும் விசை குறைந்துவிட்டால் ஃபினிஷ் வரவே வராது.

பி.டி.40-இல் கட்டரைப் பிடிக்கும் ஹோல்டரின் கூம்பு, அதாவது டேப்பர், 7/24: 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. மாறும். இது தானாக இறுகி நிற்காது. பின்னால் அடுக்கியிருக்கும் டிஸ்க் ஸ்பிரிங்தான் டிராபார் (ஸ்பிண்டில் உள்ளே இருக்கும் இழுகம்பி) வழியாக புல் ஸ்டட்டை (ஹோல்டர் தலையில் திருகிய குமிழ்) பிடித்து ஹோல்டரை மேலே இழுத்து வைத்திருக்கிறது, காற்றோ ஹைட்ராலிக்கோ வேலை செய்வது டூலைக் கழற்றும்போது மட்டும்தான், அதனால் கரண்ட் போனாலும் டூல் கீழே விழாது. இழுவிசை பெரும்பாலும் 800 கிலோவிலிருந்து ஒரு டன் வரை இருக்கும். உங்கள் மெஷின் கையேட்டில் போட்டிருக்கும் எண்தான் கணக்கு.

ஸ்பிரிங் ஒரே நாளில் போகாது. மெல்ல மெல்லத் தளரும், சிலது விரிசல் விடும். எங்கள் மெஷினில் ஸ்டெயின்லெஸ் ரஃபிங்கில் (முதலில் அதிகமாக வெட்டி எடுக்கும் வேலை) சேட்டர், அதாவது வெட்டும்போது வரும் அதிர்வு, வர ஆரம்பித்தது, ஹோல்டர் டேப்பரில் செம்பழுப்பாகக் கறை. சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு எல்லாரும் அதைத் துரு என்றுதான் சொல்வார்கள். துரு என்றால் கை பட்ட இடம், சும்மா வைத்திருந்த ஹோல்டர் என்று எங்கும் வரும்; இது தினமும் ஓடும் ஹோல்டரில், டேப்பர் ஒட்டும் இடத்தில் மட்டும், துடைத்தாலும் திரும்ப வருகிறது. ஹோல்டர் உள்ளே நுண்ணியதாக உரசுகிறது என்று அர்த்தம். இழுவிசை அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்தோம், விசை குறைவு. ஸ்பிரிங் செட் மாற்றியதும் சேட்டர் நின்றது.

புல் ஸ்டட்டில் 45, 60, 90 டிகிரி என்று வகை உண்டு, மாற்றிப் போட்டால் டிராபார் முனையில் உள்ள கிரிப்பர் ஓரத்தில் மட்டும் பிடிக்கும். ஈ.ஆர்.32 காலட்டை (கட்டரைச் சுற்றி இறுகும் பிளவுபட்ட வளையம்) முதலில் நட்டில் சொடுக்கிப் பொருத்திவிட்டு அப்புறம்தான் ஹோல்டரில் போட வேண்டும். கனமான ரஃபிங்குக்கு நான் காலட்டை நம்புவதில்லை, எண்ட் மில் கட்டர் மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடும். பக்கவாட்டு ஸ்குரூ வைத்த ஹோல்டர்தான்.

வேகம் மிக அதிகமானால் ஸ்பிண்டில் வாய் சற்று விரிந்து ஹோல்டர் மேலே ஏறும், இசட் அளவு (மேல்-கீழ் அளவு) மாறும். எச்.எஸ்.கே.63 என்ற வேறு வகை ஹோல்டரில் டேப்பரோடு முகமும் சேர்ந்து ஒட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் எங்கள் வேலைக்கு பி.டி.40 போதும்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட்டைப் பார்க்கும் முன் டிராபார் விசையை அளந்து காட்டச் சொல்லுங்கள், ஸ்பிண்டில் டேப்பர் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பழுப்பு தெரிந்தால் டேப்பர் கிரைண்டிங் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.