கிண்டிப் பக்கம் 'கன்சல்டன்சி' போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

18,500 ரூபாய். போயிடுச்சு. நேத்துதான் முழுசா உறைச்சுது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, அந்தக் கடுப்போடயே எழுதுறேன். முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் பி.இ. மெக்கானிக்கல், ஊர் விருதுநகர் பக்கம். படிச்சு முடிச்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. வாக்-இன்னு கேள்விப்பட்டுப் போனா காலையில எட்டு மணிக்கே கேட்டுக்கு வெளிய நானூறு பேர் நிக்கிறாங்க. ரெஸ்யூமை வாங்கி ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள போடுறாங்க. "ஃப்ரெஷரா? சொல்லி அனுப்புறோம்." இதுவரைக்கும் யாரும் சொல்லவும் இல்ல, அனுப்பவும் இல்ல.

அப்படி இருக்கும்போதுதான் வேலை தேடுற ஆப் ஒண்ணுல என் நம்பரைப் பார்த்துட்டு ஒரு மேடம் கூப்பிட்டாங்க. ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கீங்க, நாளைக்கு நேர்ல வாங்கன்னாங்க. ஒண்ணரை வருஷத்துல அவங்களாக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கிண்டியில கீழ ஜெராக்ஸ் கடை, மேல ரெண்டாவது மாடியில இவங்க கன்சல்டன்சி. கண்ணாடிக் கதவு, ஏ.சி., என்னை மாதிரியே ஃபைலைக் கட்டிப்பிடிச்சுட்டு பத்துப் பசங்க. உள்ள ஒரு சார். டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டார். பதட்டத்துல உளறிட்டேன். அவரே திருத்திட்டு, "டென்ஷன் ஆகாதீங்க தம்பி, டீ சாப்பிடுங்க. அப்பா என்ன பண்றாங்க?"ன்னார். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலைன்னு சொன்னேன். "அட, எங்க மாமா வீடு சாத்தூர்தான்"னு சொன்னார். அங்கதான் விழுந்தேன். இத்தனை இன்டர்வியூ ஏறி இறங்கியிருக்கேன், ஒருத்தர்கூட எங்க அப்பாவைப் பத்திக் கேட்டதில்ல.

அன்னைக்கே ரெஜிஸ்ட்ரேஷன்னு 1,500. ரெண்டு நாள் கழிச்சு "செலக்ட் ஆயிட்டீங்க", ட்ரெயினிங்குக்கு 12,000. அப்புறம் லேப்டாப் டெபாசிட் 5,000, முதல் சம்பளத்தோட திரும்ப வந்துடுமாம். ஃபேக்டரி ஷாப் ஃப்ளோர்ல மெஷின் பக்கத்துல நிக்கிற வேலைக்கு எதுக்குடா லேப்டாப்புன்னு இப்போ கேக்கத் தெரியுது. அம்மா தோட்டை அடகு வச்சு அனுப்பினாங்க. ஆக மொத்தம் 18,500.

ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப்.பா வந்துச்சு, ஒரகடத்துல இருக்கிற ஒரு பெரிய கார் கம்பெனி பேர்ல. இப்போ திறந்து பார்த்தா லோகோவைச் சுத்தி வெட்டி ஒட்டின வெள்ளைக் கட்டம் பல்லிளிக்குது. ஒரே பக்கத்துல ஒரகடத்துக்கு ரெண்டு ஸ்பெல்லிங். அன்னைக்குச் சம்பளம் போட்டிருந்த வரியை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

ஜாயினிங் தேதி வந்துச்சு, போச்சு. கேட்டா "ஹெச்.ஆர். லீவு". அடுத்த வாரம் "மெடிக்கல் முடியணும்". அதுக்கடுத்து "அடுத்த பேட்ச்ல போட்டிருக்கோம்". டீ கொடுத்த சார் எப்பவும் மீட்டிங்லயே இருக்கார். கண்ணாடி வழியாப் பார்த்தா இன்னொரு பையனுக்கு டீ சொல்லிட்டிருக்கார்!

பொறுக்காம நேத்து காலையில தாம்பரத்துல பஸ் ஏறி ஒரகடத்துக்கே போயிட்டேன். கேட்ல செக்யூரிட்டி அண்ணன் லெட்டரைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல. "கிண்டியா தம்பி?"ன்னு கேட்டார்.

நேரா திரும்பி வந்து பணத்தைக் கேட்டேன். அந்த மேடம் என் ரசீதை என் பக்கமே திருப்பி வச்சாங்க. 'ரெஸ்யூம் ரைட்டிங், சாஃப்ட் ஸ்கில் ட்ரெயினிங். நான்-ரீஃபண்டபிள்'னு அடியில எறும்பு சைஸ்ல அச்சடிச்சிருக்கு. "வேலைக்குன்னு நாங்க காசே வாங்கலையே சார்." அதுவரைக்கும் தம்பி, காசு கேட்டதும் சார். ட்ரெயினிங்காம், ஜூம்ல ரெண்டு மணி நேரம், அதுல பாதி நேரம் "ஆடியோ கேக்குதா, கேக்குதா"தான். வெரிஃபிகேஷனுக்குன்னு வாங்கி வச்ச ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக்கூட சத்தம் போட்டதுக்கு அப்புறம்தான் கொடுத்தாங்க.

போலீஸ் ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கான சீட்டு, போட்டுக் கொடுத்திருக்காங்க. ரசீதைப் பார்த்துட்டு ஏட்டு உதட்டைப் பிதுக்கினார். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கும் போன் பண்ணினேன். கடைசிப் பணம் போயே 23 நாள் ஆச்சு, உடனே சொல்லியிருந்தா அந்த அக்கவுண்ட்ல நிறுத்தி வைக்கப் பார்த்திருக்கலாமாம்.

எப்படி ஏமாறாம இருக்கிறதுன்னு விளக்கமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ எதுவும் ஓடல. வேலை கொடுக்கிறவன் காசு கேக்க மாட்டான். ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதீங்க. லெட்டர் ஜிமெயில்ல இருந்து வந்தா கம்பெனி சொந்த வெப்சைட்ல இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்க. ரசீது கொடுத்தா அடிவரி வரைக்கும் படிங்க. பணம் போச்சுன்னா அன்னைக்கே 1930. அவ்வளவுதான்.

காலையில அம்மா போன் பண்ணி எப்போப்பா ஜாயினிங்னு கேட்டாங்க. அடுத்த பேட்ச்னு சொல்லியிருக்கேன்.