பச்சை விளக்கு காட்டிய தெர்மாமீட்டர்

மெடிக்கலில் 280 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர். நுனி வளையும், அக்குளில் வைத்தால் பீப் அடிக்கும், அப்புறம் திரையில் விளக்கு எரியும்: காய்ச்சல் என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. கம்பெனி பெயர் வேண்டாம், கடையில் காட்டிய மற்ற இரண்டு மாடலிலும் இதே விளக்குதான் இருந்தது. அந்த விளக்கைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பையன் பிறந்து 9ஆம் நாள். மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள், நான் சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். "சமத்துப் பிள்ளை மாப்பிள்ளை, காலையிலேருந்து தூங்கிட்டே இருக்கான்" என்றார் மாமியார். முந்தின நாள் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தவன். மனைவியோ, "தூக்கமில்லைங்க, எழுப்பிப் பால் குடுத்தாலும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாயை விட்டுடுறான்" என்று கண் கலங்கினாள். உரம், அதாவது சுளுக்கு, விழுந்திருக்கும், பக்கத்துத் தெருப் பாட்டியைக் கூப்பிட்டு எடுத்துவிடலாம் என்று பேச்சு ஓடியது. நான் படித்த மனுஷன் இல்லையா, பையிலிருந்து புதுத் தெர்மாமீட்டரை எடுத்து வைத்தேன். 95.4. பச்சை. "காய்ச்சல் இல்லை, பச்சைதான் எரியுது" என்று எல்லோரிடமும் காட்டியதும் நானேதான்.

இவளுக்கு மனசு கேட்கவில்லை. 7ஆம் நாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டாள். அந்த அக்கா காய்ச்சலைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. கடைசியாக எப்போது ஒழுங்காகக் குடித்தான், தானாகக் கை கால் ஆட்டுகிறானா, தொட்டால் மட்டும்தான் அசைகிறானா என்று கேட்டுவிட்டு, புறங்கையால் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிருகிறது என்று அர்த்தமாம், வயிறும் சேர்ந்து சில்லிட்டிருந்தால் உடம்பே சூட்டைத் தக்கவைக்கவில்லை என்று அர்த்தமாம். வயிறு சில்லென்றுதான் இருந்தது. 95.4 என்று சொன்னதும், "108க்குப் போன் பண்ணுங்க, உரமெல்லாம் எடுக்காதீங்க" என்று குரலை உயர்த்தினார்.

பச்சிளங்குழந்தைக்கு அக்குளில் 97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். 99.5க்கு மேல் ஏறினால் பயப்பட எல்லோருக்கும் தெரியும், ஆனால் 95.9க்குக் கீழே இறங்குவதும் அதே அளவு ஆபத்து என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கிருமி ரத்தத்தில் கலந்தால் பெரியவர்களுக்கு உடம்பு கொதிக்கும், இவ்வளவு சின்ன உடம்பு பல சமயம் கொதிக்காமல் சில்லிட்டுப்போகும். இவனுக்கும் ரத்தத்தில் தொற்றுதான். அரசு மருத்துவமனையில் போனவுடன் வார்மர் என்கிற சூடேற்றும் படுக்கையில் போட்டு, குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்து, ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். 10 நாள் உள்ளே இருந்தான், ஒரு பைசா வாங்கவில்லை. வண்டியில் போகும்போது குழந்தையை இவள் மார்பின் வெறும் தோலோடு ஒட்டி வைத்து மேலே போர்த்தச் சொன்னார்கள், பாதி வழியில் பாதம் கொஞ்சம் கதகதப்பானது.

சரி, பொருளுக்கு வருகிறேன். எண் சரியாகத்தான் காட்டுகிறது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோது அவர்களுடையதற்கும் இதற்கும் 0.2தான் வித்தியாசம். ஆனால் பீப் அடித்ததும் எடுத்துவிடாதீர்கள். சூடு ஏறுவது குறைந்தாலே இது பீப் அடித்துவிடுகிறது, குழந்தையின் சின்ன அக்குளில் நுனி சரியாக ஒட்டாவிட்டால் அவசரப்பட்டு அடிக்கும். வேர்வையைத் துடைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, பீப்புக்கு அப்புறமும் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் அதன் கோடு 94, 95இல்தான் ஆரம்பிக்கும், இந்த மாதிரிச் சமயத்துக்கு உதவாது, உடைந்தால் வேறு தொல்லை. நெற்றிக்கு நேராகக் காட்டும் துப்பாக்கி மாடலை மச்சான் வாங்கி வந்தான். ஃபேனுக்கு அடியில் ஒன்று, வெளியே ஒன்று என்று அதன் இஷ்டத்துக்குச் சொல்கிறது.

பெரிய குறை அந்த விளக்குதான். 95.4க்குப் பச்சை எரிக்கும் பொருளைக் குழந்தைக்கென்று படம் போட்டு விற்கிறார்கள், உள்ளே இருக்கும் தாளிலும் 100.4க்கு மேல் காய்ச்சல் என்று மட்டும்தான் இருக்கிறது, கீழே இறங்கினால் என்ன என்று ஒரு வரி இல்லை.

இன்னொன்று, நல்ல எண் வந்தாலும் தெர்மாமீட்டரை நம்பி உட்காராதீர்கள். பால் குடிப்பதை நிறுத்துவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுவது, முனகுவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாவது, தொப்புளைச் சுற்றித் தோல் சிவப்பது எதையும் இது காட்டாது. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தால் காலை வெயிலில் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூச்சை எண்ணுவதற்கு செல்போன் போதும்: சட்டையை விலக்கி, அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம். பிறந்த குழந்தை விட்டு விட்டுத்தான் மூச்சு விடும் என்பதால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகிவிடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான்.

5க்கு 3 தருகிறேன். நான் அந்தத் திரையின் விளக்கை மறைத்து ஒரு பிளாஸ்திரி ஒட்டி, டப்பா மேல் 97.7 - 99.5 என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். விளக்கே இல்லாமல் எண் மட்டும் காட்டும் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலையும் குறைவு.