வைஸ் பிரின்சிபால் நாற்காலியா, பேராசிரியர் வேலையா? வாளையாருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கணக்கு

எம்.எஸ்சி. நர்சிங் முடித்து வகுப்பெடுக்க வந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நிர்வாகத்துக்குள் போனால் துறைத்தலைவர், வைஸ் பிரின்சிபால், கொடுத்து வைத்திருந்தால் பிரின்சிபால். இல்லையென்றால் பேராசிரியராகவே இருந்து பாடம், போஸ்டிங் (மாணவிகளோடு வார்டுக்கும் வீடுகளுக்கும் போகிற பயிற்சி), ஆய்வு என்று காலத்தை ஓட்டலாம். கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என்னை வைஸ் பிரின்சிபாலாக வரச் சொல்லிக் கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, பாலக்காட்டுப் பக்கமே கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங் பேராசிரியராக இருந்துகொண்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

சம்பளம், தனி அறை, விழா மேடையில் முன்வரிசை எல்லாம் நாற்காலிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் வார்டனிடமிருந்து வரும் போனும் அதற்குத்தான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியில் தெரியாதது மாஸ்டர் ரொட்டேஷன் பிளான், அதாவது எந்த பேட்ச் எப்போது வகுப்பில், எப்போது எந்த வார்டில் என்கிற வருட அட்டவணை. பி.எஸ்சி. நர்சிங் மாணவிக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் 80 சதவீத வருகை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் பகுதியில் மட்டும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். ஒரு பெண் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டால், அவள் விட்ட லேபர் ரூம் நாட்களை எந்த விடுமுறையில் ஈடுகட்டுவது என்று அட்டவணையில் சந்து தேடுவது பெரும்பாலும் வைஸ் பிரின்சிபால் தலையில்தான் விழும். ஒரு கட்டத்தை இப்படி நகர்த்தினால் இரண்டு பேட்ச் ஒரே வார்டில் போய் முட்டும். அதைப் பிரித்துவிட்டால் ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கோபித்துக்கொள்வார். இந்த வேலையை ரசித்துச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாற்காலி பொருந்தும்.

ஆனால் எல்லையோரத்தில் குடியிருக்கிற நமக்கு முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. நாளைக்குக் கேரள-தமிழ்நாடு எல்லையான வாளையாரைத் தாண்டினால் இதில் எது கூட வரும்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துக் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்குப் பொள்ளாச்சியில் வேலை, பிள்ளைகளுக்குக் கோவையில் படிப்பு, மாமியாருக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் மருந்து. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், சில வருடம் கழித்துத் திரும்பியும் வேலை மாறுவது இங்கே சாதாரணம். கேரளத்தில் இருக்கும்வரை நம் கல்லூரி 2010-இல் வந்த கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், தலைமையிடம் திருச்சூர். தமிழ்நாட்டில் கால் வைத்தால் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இன்னும் தள்ளி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனால் விஜயவாடாவிலுள்ள என்.டி.ஆர். பல்கலைக்கழகம். (2022-இல் அதன் பெயர் ஒய்.எஸ்.ஆர். என்று மாறி, பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. அந்த லெட்டர்ஹெட் தலைவலியும் நாற்காலிக்காரர்களுக்குத்தான் போயிருக்கும்.)

வைஸ் பிரின்சிபாலாக ஐந்து வருடம் இருந்தால் ஒருவருக்கு என்ன சேர்கிறது? அஃபிலியேஷன் (பல்கலைக்கழக இணைப்பு) புதுப்பிக்கிற முறை, பரீட்சைப் பிரிவின் போர்ட்டல், இன்டர்னல் மார்க் ஏற்றுகிற கடைசித் தேதிகள், இன்ஸ்பெக்ஷன் குழுவுக்கு எந்த ஃபைலை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்கிற பழக்கம், எந்த செக்‌ஷனில் யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்கிற விவரம். அத்தனையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே உரிய அறிவு. வாளையார் தாண்டினதும் அதில் பெரும்பகுதி செல்லாக்காசு. அதோடு ஒரு கல்லூரிக்கு வைஸ் பிரின்சிபால் ஒருவர்தான். புதிதாகப் போகிற இடத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தாலும், வெளியிலிருந்து வந்தவருக்கு உடனே கொடுக்க நிர்வாகம் தயங்கும்.

காகிதத்தில் எண்ணப்படுவது என்ன என்றும் பாருங்கள். கவுன்சிலின் தகுதி விதியில் பிரின்சிபாலுக்கு எம்.எஸ்சி.யோடு மொத்தம் 15 வருட அனுபவம், அதில் 12 வருடம் கற்பித்தல். வைஸ் பிரின்சிபாலுக்கு 12-இல் 10. பேராசிரியருக்கு 10-இல் 7. மூன்றிலும் எண்ணுவது கற்பித்த வருடத்தைத்தான். நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தனியாகக் கேட்பதில்லை. பேராசிரியராகவே இருந்தவரும் நாளைக்கு பிரின்சிபால் பதவிக்கு விண்ணப்பிக்கலாம், கதவு மூடுவதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பலர் வைஸ் பிரின்சிபால் பதவியை ஏணியின் கட்டாயப் படி என்று நினைத்து அவசரமாக ஏறுகிறார்கள்.

பேராசிரியர் பக்கம் சேர்வது என்னவென்று கேட்டால் நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு வீட்டு விசிட்டைச் சொல்வேன். கோட்டயத்து மாணவி ஒருத்தி திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கம்யூனிட்டி பேக்கை வைத்து, கை கழுவத் தண்ணீர் கேட்டாள். புத்தகத்தில் உள்ளபடி சரியான பேக் டெக்னிக், கிருமி ஒட்டாமல் பையைக் கையாளுகிற முறை. வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பேப்பரு விரிச்சிருக்கறீங்க, எலையும் போட்டரட்டுமா?" என்றார். பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, பாட்டி சிரித்த சிரிப்பு புரிந்தது. பிரஷர் பார்த்தால் அதிகம். மாத்திரை டப்பா அலமாரியில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. தலை வலிக்கிற அன்றைக்கு மட்டும் பாட்டி ஒன்று போடுவாராம். "தினமும் சாப்பிடணும்" என்று உபதேசம் பண்ணாமல், காலையில் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். காப்பி போடுவாராம். டப்பா அலமாரியிலிருந்து காப்பித்தூள் டப்பா பக்கத்துக்கு இடம் மாறியது. அந்தப் பெண்ணின் லாக் புக்கில் இதற்கு ஒரு கையெழுத்துதான் விழும். ஆனால் இந்த வித்தை எல்லையின் எந்தப் பக்கத்திலும் செல்லும். இந்தப் பக்கம் கூட வருபவர் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ், அந்தப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். தமிழ்நாட்டில் 2021-இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' இருப்பதால் பிரஷர் மாத்திரை வீடு தேடியே வரும். ரிஜிஸ்டர் மாறும், திட்டங்களின் பெயர் மாறும். அதையெல்லாம் ஒரு போஸ்டிங்கில் கற்றுக்கொள்ளலாம்.

பேராசிரியர் பக்கம் எல்லாமே எல்லை தாண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆய்வு வழிகாட்டி அங்கீகாரம் பல்கலைக்கழகம் கொடுப்பது. மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவை மாற்றுகிற அலைச்சல் இருவருக்கும் ஒன்றுதான். வெளியிட்ட கட்டுரைகளும் அனுபவச் சான்றிதழும் மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கூட வரும்.

நாற்காலிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி. ஆளில்லை என்று சொல்லி ட்யூட்டர் துணையில்லாமல் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்புகிற பழக்கம் ஒரு கல்லூரியில் இருந்தால், அதை நிறுத்துகிற அதிகாரம் பேராசிரியருக்கு இல்லை. நான் கடிதம் எழுதலாம், மீட்டிங்கில் பேசலாம். போஸ்டிங்குக்கு பஸ் கேட்டு மாதக்கணக்கில் நடக்கலாம். வைஸ் பிரின்சிபால் நினைத்தால் ஒரு கையெழுத்தில் முடியும். அப்படி மாற்றியே தீர வேண்டியது ஏதாவது உங்கள் கல்லூரியில் இருந்து, நிர்வாகமும் காது கொடுக்கிற ஆட்களாக இருந்தால், என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நாற்காலிக்குப் போங்கள். ஊர் மாறுகிற எண்ணமே இல்லாமல், ஓய்வுபெறும்வரை இதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் என்று இருப்பவர்களுக்கும் அதுவே சரி.

அரசுக் கல்லூரிக்குள் நான் வேலை பார்த்ததில்லை. சீனியாரிட்டியும் இடமாற்றமும் அங்கே வேறு கணக்கு. நான் சொன்னதைத் தனியார் கல்லூரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியை ஏற்பதென்று முடிவு செய்பவர்கள் ஆர்டரில் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள். பதவியின் பெயர் 'வைஸ் பிரின்சிபால் மற்றும் பேராசிரியர்' என்று முழுதாக இருக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். பதவியை விட்டு இறங்கினால் அதே கல்லூரியில் பேராசிரியர் இடம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்கிற நிர்வாகி அடுத்த வருடம் மாறியிருப்பார்.