நிலாவெளி புறாத்தீவில் சுழியோடப் போகிறீர்களா? முதலில் கலண்டரைப் பாருங்கள்

போன வருடம் ஒக்டோபர் கடைசியில் ஒருமுறை, இந்த வருடம் ஜூனில் ஒருமுறை என்று இரண்டு தடவை நிலாவெளிக்குப் போய், சுழியோடக் கூட்டிப்போகும் இரண்டு வேறு கடைகளில் காசு கட்டிக் கடலுக்குள் இறங்கியவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். நீச்சல் சுமாராகத் தெரியும். சுழியோடும் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆகவே இது முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு. விசயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் கசப்பான கதை. ஒக்டோபரில் போன கடைக்கு முதல் நாளே வட்ஸ்அப்பில் "இப்ப கடல் எப்பிடி?" என்று கேட்டேன். இரண்டே நிமிடத்தில் "சூப்பர் கிளியர்" என்று பதில், கூடவே ஓர் ஆமையின் படம். இரவு இடியும் மழையும். விடியப் போய்ப் பார்த்தால் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது. எனக்கு வேறு தடிமன். அதை யாரும் கேட்கவில்லை, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நானும் வாசிக்காமல் போட்டேன். மூன்று மீற்றர்கூட இறங்கியிருக்கமாட்டேன், வலது காதுக்குள் ஊசி ஏற்றியது மாதிரி ஒரு வலி. கையைக் காட்டி மேலே வந்துவிட்டேன். என்னோடு வந்து கீழே போன என் தம்பி அரை மணித்தியாலம் பார்த்தது வழிகாட்டியின் மஞ்சள் கால்செட்டையை மட்டும்தான். பாதிக் காசையாவது திருப்பித் தரக்கூடாதா என்று கேட்டதற்கு, "கடல் எங்கட கையிலயா இருக்கு, அக்கா?" என்றார்கள். கடல் அவர்கள் கையில் இல்லைதான். வட்ஸ்அப் அவர்கள் கையில்தானே இருந்தது!

எங்கள் பிழையும் இதில் உண்டு. கொழும்பில் இருந்துகொண்டு நாட்டுக்கே ஒரு காலநிலை என்று நினைத்துவிடுகிறோம். மே மாதம் தொடங்கும் தென்மேற்குக் காற்று மழையையெல்லாம் காலி, மலைநாட்டுப் பக்கம் கொட்டிவிட்டு, திருகோணமலைக்கு வரும்போது வெறும் வறண்ட கச்சான் காற்றாகத்தான் வரும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று என்பதால் கரையோரம் அலை படுத்துக் கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை இதுதான் கதை. ஒக்டோபரில் இடிமழை, பிறகு வடகிழக்கு வாடைக்காற்று பிடித்தால் அலை நேராகக் கரைக்கு வந்து அடிக்கும், மழைத்தண்ணீர் சேற்றைக் கொண்டுவந்து கடலைக் கலக்கும். நவம்பருக்குப் பிறகு பல கடைகள் பூட்டு. சில பெடியள் ஹிக்கடுவ, உணவட்டுன பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள், அந்தக் கரைக்கு அப்போதுதான் காலம். தைப்பொங்கல் லீவுக்குப் புறாத்தீவு என்று திட்டம் போடுகிறவர்கள் கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீரில் குளித்துவிட்டு வாருங்கள், கடலை விடுங்கள்.

ஜூனில் போன கடையை எனக்குப் பிடித்துப்போனதே அவர்கள் முதல் நாள் எங்களை இறக்காததால்தான். காசை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், அந்தப் பொறுப்பாளர் கடலைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு நீரோட்டம் கூட, கீழ கலங்கிக் கிடக்கும். நாளைக்கு விடிய வாங்கோ" என்கிறார். வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார். தடிமன் இருக்கா, தொய்வு இருக்கா, காதில் எப்போதாவது சத்திரசிகிச்சை செய்ததா, எப்ப பிளேன் ஏறுறீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி கூட வந்த கனடா மச்சாளுக்கு. ஒரு தடவை இறங்கினால் 12 மணித்தியாலம், பல தடவை என்றால் 18 மணித்தியாலமாவது பறக்கக்கூடாது. இறங்கிய கையோடு கட்டுநாயக்கவுக்கு ஓடுகிற வெளிநாட்டுச் சொந்தங்கள் கவனிக்க.

மறுநாள் ஆறரைக்கே போட். நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர்தான். இடுப்பளவு தண்ணீரில் வைத்து முக்கால் மணித்தியாலம் பழக்கினார்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் நெற்றிப் பக்கத்தை அழுத்தி மூக்கால் ஊதி வெளியேற்றுவது, மூச்சு விட வாயில் கவ்வுகிற காற்றுக்குழாய் கழன்றால் தேடிப் பிடிப்பது, கை பாசைகள். என் மாஸ்க் இரண்டு தரம் ஒழுகியது. வழிகாட்டித் தம்பி "அக்கா, தலைமயிர் ஒண்டு உள்ள போயிருக்கு" என்று விளிம்பிலிருந்து ஒரே ஒரு மயிரை இழுத்து எடுத்துவிட்டார் (அந்த வழிகாட்டிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், தம்பி என்றே கூப்பிட்டோம்). அதற்குப் பிறகு ஒரு சொட்டு வரவில்லை.

சான்றிதழ் இல்லாதவர்களை 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோகக்கூடாது. நாங்கள் எட்டு, ஒன்பதோடு நின்றோம். பத்து மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, அதனால் காது வலிக்காமலிருக்க ஒவ்வொரு முழத்துக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். வலிக்கும்வரை காத்திருந்து ஊதுவதுதான் ஒக்டோபரில் நான் விட்ட பிழை. கீழே போனதும் முதலில் என்னைப் பிடித்தது சத்தம். கறுக் கறுக் என்று யாரோ பக்கத்தில் கற்கண்டு கடிப்பது மாதிரி. பார்த்தால் கிளிமீன்கள், முருகைக்கல்லைச் சுரண்டித் தின்கின்றன, தின்று முடித்துப் பின்னால் வெள்ளை மணலாகக் கொட்டிக்கொண்டு போகின்றன. ஒரு பொந்துக்குள் அஞ்சாளை (விலாங்கு மாதிரி நீள மீன்) வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, கோபமில்லையாம், அது மூச்சு விடுகிற விதமாம். செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் போனது. தீவைச் சுற்றி ஆழமில்லாத இடத்திலேயே இவை திரிவதால், சிலிண்டர் இல்லாமல் மிதந்து பார்ப்பவர்களுக்கும் காலை வேளையில் நல்ல வாய்ப்பு.

ஆனால் விளம்பரப் படங்களின் நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆழம் போகப் போக முதலில் சிவப்புத்தான் காணாமல் போகும், நேரில் பெரும்பாலும் மண்ணிறமும் நீலமும்தான். அதைவிட வயிறெரிவது தீவின் கடற்கரைப் பக்கம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா என்று பெயர்ப்பலகை சொல்கிறது, அதற்குக் கீழேயே ஆட்கள் முருகைக்கல்லில் ஏறி நின்று செல்பி எடுக்கிறார்கள். நாங்கள் இறங்கிய பக்கம் முருகைக்கல் கொம்பு கொம்பாக உயிரோடு நின்றது, இவர்கள் ஏறி நிற்கிற பக்கம் உடைந்த எலும்புக் குவியல் மாதிரி.

காசு விசயம்: பூங்கா டிக்கெட் வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கடை சொல்லும் விலையில் அது அடக்கமா என்று முதலே கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விலை பல மடங்கு, மச்சாள் முகம் சுருங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது உடுப்பு மாற்றுகிற அறைக்காக. கதவுக்குக் கொக்கி இல்லை, குழாயில் வந்த தண்ணீரும் உப்பு.