சமையல் வீடியோவுக்கு காலர் மைக்கா, ஷாட்கன் மைக்கா?

வீட்டில் அம்மா சமைப்பதை வீடியோ எடுக்க எதிரில் உள்ள ஒலியை நோக்கிப் பிடிக்கும் நீளமான ஷாட்கன் மைக், உடையில் கிளிப்பால் மாட்டும் வயர்லெஸ் காலர் மைக் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, கடைசியில் காலர் மைக்கையே வைத்துக்கொண்டேன். விலை, எடை பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் உள்ள தூரம்.

தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. கேமரா மேல் மாட்டிய ஷாட்கன் ஆறடி தள்ளி, அதாவது எட்டு மடங்கு தூரம். 18 டெசிபல் அங்கேயே போய்விடுகிறது. சரி, கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றலாம் என்றால், எக்ஸாஸ்ட் ஃபேன், ஃப்ரிட்ஜ் இரைச்சல், டைல்ஸில் பட்டு வரும் எதிரொலி எல்லாம் கூடவே ஏறும். ஷாட்கன் எதிரில் உள்ள ஒலியை மட்டும் பிடிக்கும் என்பது திறந்தவெளியில் ஓரளவு சரி. சமையலறைக்குள் எதிரொலி முன்பக்கத்திலிருந்தும்தான் வருகிறது.

இதன் பலன் எடிட்டிங்கில் தெரியும். குரல் தனி டிராக்கில் சுத்தமாக இருந்தால், கடுகு வெடிப்பதை இன்னொரு டிராக்கிலும் இசையை மூன்றாவதிலும் வைக்கலாம். அம்மா "பெருங்காயம் இப்பவே போடாதே" என்னும்போது தாளிப்புச் சத்தத்தை இறக்கி, பேச்சு நின்றதும் ஏற்றுகிறேன். குரலும் ஃபேனும் ஒரே டிராக்கில் கலந்துவிட்டால் இது நடக்காது. நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போட்டால் இரைச்சலோடு 'ச', 'ஸ' ஒலிகளும் மழுங்கிவிடும். பின்னணி ஒலி பேச்சைவிட 20 டெசிபலாவது கீழே இருக்கட்டும் என்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி-யின் அணுகல் வழிகாட்டி. காது மந்தமானவர்களை மனதில் வைத்துச் சொன்னது. நான் எல்லோருக்குமே அதைத்தான் பின்பற்றுகிறேன்.

பார்ப்பவர்கள் இதையெல்லாம் கவனிப்பார்களா என்றால், கவனிக்காமலே எடைபோட்டுவிடுகிறார்கள். எரின் நியூமன், நார்பர்ட் ஷ்வார்ஸ் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாநாட்டு உரையை நல்ல ஒலியிலும் மோசமான ஒலியிலும் காட்டினார்கள். ஒலி கெட்டபோது உரை மட்டுமல்ல, பேசியவரின் அறிவும் மதிப்பில் இறங்கியது. அம்மாவின் கைப்பக்குவத்தை மைக்கை வைத்து யாரும் குறைத்து எடைபோடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

காலர் மைக்கிலும் தொல்லை உண்டு. தாலிச் சங்கிலி உரசினால் அந்தப் பகுதியே வீண். முந்தானையின் ஓரத்தில் கிளிப்பை மாட்டி, சங்கிலியை உள்ளே விட்டுவிடச் சொல்கிறேன். நிமிர்ந்தும் குனிந்தும் ஒரு தடவை பார்த்த பிறகே ரெக்கார்டிங். சார்ஜையும் மறக்கக்கூடாது.

சந்தை, கோயில் திருவிழா போன்ற இடங்களில் சூழலின் ஒலி வேண்டுமென்றால் ஷாட்கன் நல்லது. கம்பில் மாட்டி, தலைக்கு மேலே ஓர் ஆள் பிடித்து நின்றால் வீட்டுக்குள்ளும் அது காலர் மைக்கை மிஞ்சலாம். அப்படி நான் அதிகம் எடுத்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போது என் ஷாட்கன் சின்ன ஸ்டாண்டில், எண்ணெய் தெறிக்காத தூரத்தில், அடுப்பைப் பார்த்து நிற்கிறது. தாளிப்பு டிராக் அதிலிருந்துதான் வருகிறது.