கொழிஞ்சாம்பாறையில் ஐந்து வாரம்

அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுவாரம், மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூரில் வந்து இறங்கினேன். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம், அம்மா இருக்கும் கொழிஞ்சாம்பாறை. கடைப் பலகைதான் மலையாளம், பேச்சு நம்முடையதே. வீட்டுக்கு ஓர் ஆளை அமர்த்திவிட்டுத் திரும்புவதுதான் வந்த வேலை.

முதலில் ஒரு முகவரிடம் சொல்லிவைத்தேன். காரில் ஒரு பெண்ணை அழைத்துவந்து, "பதினெட்டு வயது" என்றார். எதுவரை படித்தாய் என்று கேட்டேன். போன வருடம் ஏழாம் வகுப்பு முடித்ததாகச் சொன்னது அந்தப் பிள்ளை. பதினான்கு வயது நிறையாதவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதலே தடை. வைத்தவருக்குச் சிறைகூட உண்டு, 2016 திருத்தம் அந்தத் தண்டனையைக் கூட்டியது. முகவர் கிளம்பியதும் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்து வண்டி எண்ணைக் கொடுத்தேன். அம்மாவுக்கு வருத்தம்: "வீட்டுக்கு வந்த ஆளையும் விரட்டிவிட்டாயே!"

பிறகு பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்தார். அதுவரை தொழிலுறுதி வேலைக்கு, அதாவது நம் நூறு நாள் வேலைக்கு, போய்க்கொண்டிருந்தவர். 2025-26இல் அதற்குக் கேரளத்தில் நாள் கூலி 369 ரூபாய், எல்லைக்கு அந்தப்புறம் 336. அதைவிடக் குறைத்துப் பேச எனக்கு நா எழவில்லை. காலை ஏழரை முதல் பன்னிரண்டரை வரை, மாதம் 12,000 ரூபாய், ஞாயிறு விடுமுறை, காய்ச்சல் என்றால் சம்பளம் பிடிப்பதில்லை. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். "ஞாயிறுமா?" என்றார் அம்மா. சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு 2013 முதல் சட்டம் என்றேன். "அது சிங்கப்பூர்" என்று முடித்துவிட்டார்.

பெரிய நியாயவாதியாக எனக்கே தோன்றியது. ஆனால் மூன்றாம் நாளே, "அக்கா, குழந்தையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அலுவலகக் கூட்டத்துக்காக மடிக்கணினியுடன் அறைக்குள் போய்விட்டேன். அந்தக் 'கொஞ்சம்' தாளில் இல்லாத வேலை.

அக்கா கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தார். எங்கள் நாய் மணி பின்திண்ணையில் சோறு தின்றுகொண்டிருந்தது. மகள் போய் அதன் தட்டை இழுத்திருக்கிறாள். ஒரு உறுமல், ஒரு அலறல். நான் ஓடிவந்தபோது முன்கையில் இரண்டு சிவப்புக் கீறல்கள், ரத்தம் வரவில்லை. அம்மா மஞ்சள் டப்பாவுடன் வந்தார். அக்கா மாவுக் கையோடே குழந்தையை அள்ளிக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. "கால் மணி நேரம் கழுவ வேண்டும், அம்மிணி. மஞ்சளெல்லாம் வைக்கக் கூடாது. எங்கள் தெருவில் நாய்க்கடி புதிதா?"

பக்கத்துச் சித்தூர் அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசிக்குப் பணம் வாங்கவில்லை. தோலுக்குள் இரு கைகளிலும் போட்டார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் குறித்தார்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே வெறிநோய் எதிர்ப்புச் சீரமும் போட்டிருப்பார்களாம். "நாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா?" என்று மருத்துவர் தமிழில் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தார். வீட்டிலேயே வளர்கிறது, எதற்கு என்று ஐந்து வருடமாகப் போடவில்லை. பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். மணி நன்றாகவே இருந்தது. பிறகு கால்நடை மருத்துவமனையில் அதற்கும் ஊசி போட்டுச் சான்று வாங்கிப் பஞ்சாயத்து உரிமத்துக்குக் கொடுத்தேன்.

அன்று மாலை அம்மா, "இவள் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்வதற்குள் அக்காவே சொன்னார்: "குழந்தையை நான் பார்க்க வேண்டுமென்றால் மாவையும் பாத்திரத்தையும் நீங்கள் பாருங்கள். இரண்டு கண்தான் இருக்கிறது." கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

தாளைத் திரும்ப எழுதினோம். குழந்தையைப் பார்க்க அக்காவின் மருமகள் காலை நான்கு மணி நேரம், தனிச் சம்பளம். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை சொல்லக் கூடாது. மணிக்குச் சோறு, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டேன். கிணறு என் பாட்டி காலத்தது, யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று தாளில் எழுத முடியவில்லை. அக்காவுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் பின்பக்க ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. முதல் வாரமே அதை எடுத்து அலமாரியில் மற்றவற்றோடு வைத்தேன். மறுநாள் ஜன்னலில் இருந்தது. திரும்ப எடுத்து வைத்தேன். திரும்ப ஜன்னல். அம்மாவா, அக்காவா என்று கேட்கவில்லை. மூன்றாம் வாரம் எல்லா டம்ளர்களையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுச் சந்தையில் ஒரே மாதிரி ஒரு டஜன் வாங்கிவந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் ஊசிக்காகப் பயணத்தை ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். டிக்கெட் மாற்றக் கட்டணம் அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.